கவலைப்படுவது பாவமா?

நம் வீடுகளில் நாளாந்தம் கேட்கும் வார்த்தைகளுள் ஒன்று "யோசியாதேங்கோ" என்பது. பரீட்சைக்குப் போகும் பிள்ளைக்கும் அதைத்தான் சொல்கிறோம். மகளின் கலியாணப் பேச்சுக் குழம்பிப்போன தாய்க்கும் அதைத்தான் சொல்கிறோம். வைத்தியசாலையில் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருப்பவருக்கும் அதுவே. கத்தோலிக்கர் என்றபடியால் இன்னுமொரு வரியைச் சேர்த்துக்கொள்கிறோம்: "விசுவாசமாய் இருங்கோ, ஆண்டவர் பார்த்துக்கொள்ளுவார்." சொல்பவரின் மனம் நல்லதுதான். ஆனால் கேட்பவரின் மனத்தில் அது என்ன செய்கிறது என்று நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏற்கெனவே நித்திரையின்றித் தவிக்கும் ஒருவர், "எனக்கு விசுவாசம் போதாதபடியால்தான் இப்படித் தவிக்கிறேனோ" என்று இரண்டாவது பாரத்தையும் தலையில் ஏற்றிக்கொள்கிறார். பிறகு பாவசங்கீர்த்தனத்திலே பொய், கோபம், பொறாமை என்ற வரிசையில் "கவலைப்பட்டேன் சுவாமி" என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்.

கவலைப்படுவது உண்மையில் பாவமா? பாவமல்ல என்றால், கவலைப்படாதீர்கள் என்று ஆண்டவர் ஏன் சொன்னார்? பாவம்தான் என்றால், கவலையே இல்லாத மனிதன் எங்கே இருக்கிறான்? வாசக நேயர்களே, இந்தக் கேள்வியைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்ப்போம். இதற்குத் தவறான விடையைக் கொடுத்துத் துன்பப்படுகிறவர்கள் நம்முடைய பங்குகளில் நாம் நினைப்பதிலும் அதிகமாக இருக்கிறார்கள்.

முதலில் சொல்லைக் கவனிப்போம். யாழ்ப்பாணத் தமிழில் 'யோசிக்கிறது' என்றால் சிந்திப்பது என்றும் பொருள், கவலைப்படுவது என்றும் பொருள். "மகன் கடிதம் போடேல்லை, ஒரே யோசினையாய்க் கிடக்கு" என்கிறோம். "நல்லா யோசிச்சுச் செய்" என்றும் சொல்கிறோம். இரண்டுக்கும் ஒரே சொல்தான். இது நமது மொழியின் வறுமையன்று. புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் இதுபோன்ற ஒரு சொல் உண்டு: 'மெரிம்னா'. அக்கறை என்பதும் அதுதான், கவலை என்பதும் அதுதான்.

புனித சின்னப்பர் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்திலே, எதைக் குறித்தும் கவலைப்பட வேண்டாம் என்று எழுதுகிறார். நமது வீட்டுச் சுவர்களில் தொங்கும் வசனம் அது. ஆனால் அதே நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் திமோத்தேயுவைப் புகழும்போது, உங்களைப் பற்றி உண்மையாகக் கவலைப்படுகிறவர் இவரைப்போல் வேறொருவரும் என்னிடம் இல்லை என்ற கருத்தில் எழுதுகிறார். இரண்டு இடத்திலும் கிரேக்கத்தில் அதே சொல்தான். ஓரிடத்தில் விலக்குகிறார், மற்றோரிடத்தில் புண்ணியமாகப் போற்றுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தாம் பட்ட அடிகளையும் கப்பற்சேதங்களையும் வரிசையாக எண்ணிச் சொல்லிவிட்டு, அவற்றோடு சேர்த்துத் தம்மை நாள்தோறும் அழுத்துவது எல்லாச் சபைகளையும் பற்றிய கவலை என்கிறார். அங்கேயும் அதே சொல். தமக்குக் கவலை உண்டென்பதை அவர் மறைக்கவில்லை, அதற்காக மன்னிப்புக் கேட்கவும் இல்லை.

இன்னுமொன்று. பிலிப்பியருக்கு எழுதும்போது சின்னப்பர் சிறையில் இருக்கிறார். பிலிப்பியர் அவருக்கு உதவிக்கென்று அனுப்பிய எப்பப்பிரோதீத்து நோயில் விழுந்து சாகக் கிடந்து பிழைத்திருக்கிறார். அந்த மனிதர் இறந்திருந்தால் துயரத்துக்கு மேல் துயரம் எனக்கு வந்திருக்கும் என்று சின்னப்பர் ஒளிக்காமல் எழுதுகிறார். கவலைப்பட வேண்டாம் என்ற வார்த்தை, கவலை தெரியாத ஒருவருடைய வாயிலிருந்து வந்ததல்ல.

இனி மலைப்பிரசங்கத்துக்கு வருவோம். ஆகாயத்துப் பறவைகளைப் பாருங்கள், அவை விதைப்பதில்லை, அறுப்பதில்லை என்று ஆண்டவர் சொன்ன இடத்தைச் சிலர் சோம்பலுக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்வதுண்டு. விடியற்காலையில் நமது முற்றத்துக் காகத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். அது பொழுது புலருமுன் எழும்பிப் பொழுதுபடும்வரை தேடுகிறது. ஆண்டவர் யாரிடம் பேசினார் என்பதையும் மறந்துவிடக்கூடாது. அவர் முன் இருந்தவர்களில் பலர் கலிலேயாவின் ஏழைக் குடியானவர்களும் மீன்பிடிக்கிறவர்களும் அன்றாடக் கூலிகளும். வரி கொடுத்தே ஓய்ந்தவர்கள். நாளைக்கு என்னத்தைச் சாப்பிடுவோம் என்ற கேள்வி அவர்களுக்கு ஒரு தத்துவப் பிரச்சினையாக இருக்கவில்லை. அந்தக் கேள்வியை ஆண்டவர் ஏளனம் செய்யவும் இல்லை. இவையெல்லாம் உங்களுக்கு வேண்டியவை என்பது உங்கள் பிதாவுக்குத் தெரியும் என்றுதான் சொன்னார். அன்றன்றைய அப்பத்தைக் கேட்கும்படி அதே பிரசங்கத்தில்தான் கற்பித்தார். திருப்பலியில் கர்த்தர் கற்பித்த செபம் முடிந்த கையோடு, சகல கலக்கத்திலிருந்தும் எங்களைக் காத்தருளும் என்று குருவானவர் நம் எல்லாருக்குமாக மன்றாடுகிறார். கலக்கம் வரும் என்பதைத் திருச்சபை அறிந்திருக்கிறது. அதனாலேயே ஒவ்வொரு நாளும் அதற்காக மன்றாடுகிறது.

13ஆம் நூற்றாண்டிலே புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியற் பெருநூலில், உலகப் பொருட்களைப் பற்றிக் கவலைப்படுவது ஆகுமா ஆகாதா என்று இதே கேள்வியை எழுப்பியிருக்கிறார். அவர் கொடுக்கும் விடை நிதானமானது. கவலை மூன்று வகையில் குற்றமாகலாம் என்கிறார். உலகப் பொருளையே வாழ்வின் முடிவான இலக்காகத் தேடினால் அது குற்றம். அதைத் தேடும் மும்முரத்தில் ஆன்மாவுக்கு உரியவற்றைக் கைவிட்டால் அது குற்றம். செய்ய வேண்டியதைச் செய்த பின்னும், தேவையானது கிடைக்காமற் போய்விடுமோ என்று கடவுளின் பராமரிப்பை நம்பாமல் அளவுமீறி அஞ்சினால் அதுவும் குற்றம். இந்த மூன்றுக்கும் வெளியே நிற்கும் கவலையை அவர் குற்றமென்று சொல்லவில்லை. பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு வழி தேடி மூளையைக் குழப்பிக்கொள்ளும் தகப்பனுடைய கவலை, அந்தத் தகப்பனுடைய கடமையின் ஒரு பகுதி.

மூன்றாவதாகச் சொன்னதில்தான் நமக்குச் சிக்கல். செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், செபித்துவிட்டேன், ஆனாலும் நெஞ்சு பதறுகிறது, கை நடுங்குகிறது, நடுச்சாமத்தில் விழிப்பு வருகிறது. இது நம்பிக்கைக் குறைவாலா? பாவம் என்பது அறிந்து, மனம் சம்மதித்துச் செய்வது என்று ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். நடுச்சாமத்தில் நெஞ்சு பதறுவதற்கு யார் சம்மதம் கொடுக்கிறார்கள்? பயம் நம்மிடம் கேட்டுக்கொண்டு வருவதில்லை. வந்த பயத்தை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் நன்மையும் தின்மையும் தொடங்குகின்றன. பயத்தினால் பொய் சொல்கிறோமா, பிறர் பங்கைப் பறிக்கிறோமா, மனைவி மக்கள் மேல் எரிந்து விழுகிறோமா, குடிக்கிறோமா என்பவை கேட்க வேண்டிய கேள்விகள்.

இதற்குப் பெரிய அத்தாட்சி பூங்காவனத்தில் இருக்கிறது. பாவமே அறியாத ஆண்டவர் அங்கே கலங்கினார், திகிலடைந்தார். அவருடைய வியர்வை இரத்தத் துளிகளைப்போல் நிலத்தில் விழுந்ததென்று வைத்தியரான லூக்காஸ் எழுதுகிறார். தம்முடைய மனநிலையை மூன்று சீடரிடம் வெளிப்படையாகச் சொன்னார், கூட இருந்து விழித்திருக்கும்படி கேட்டார். தனிமையில் இருக்கப் பயந்தார் என்று சொன்னால் சிலருக்கு அது அவமரியாதையாகத் தோன்றலாம். ஆனால் நற்செய்தி அப்படித்தான் காட்டுகிறது. ஒரே செபத்தை மூன்று முறை செபித்தார். லூக்காஸ் நற்செய்தியின் வரிசையைக் கவனித்துப் பாருங்கள்: சம்மனசு வந்து தேற்றியது முதலில், இரத்த வியர்வை அதற்குப் பின்னர். பரலோகத்திலிருந்து தேற்றரவு வந்த பிறகும் வேதனை நீங்கவில்லை, அவர் இன்னும் உருக்கமாகச் செபித்தார். செபித்தவுடன் மனம் அமைதியடைய வேண்டும், அடையாவிட்டால் செபத்தில் ஏதோ குறை என்று நினைக்கிறவர்கள் இந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க வேண்டும்.

அப்படியானால் விசுவாசத்தினால் என்ன பயன் என்று கேட்பீர்கள். சின்னப்பருடைய வசனத்துக்கே திரும்புவோம். கவலைப்பட வேண்டாம் என்றவர் அதோடு நிறுத்தவில்லை. நன்றியறிதலோடு உங்கள் விண்ணப்பங்களைக் கடவுளுக்குத் தெரிவியுங்கள், அப்போது அறிவுக்கெட்டாத தேவசமாதானம் உங்கள் இருதயங்களைக் காக்கும் என்கிறார். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று அவர் அங்கே வாக்குக் கொடுக்கவில்லை. காக்கும் என்று அவர் எழுதிய சொல், படைவீரர் ஒரு பட்டினத்தைக் காவல் செய்வதைக் குறிக்கும் சொல். பிலிப்பி உரோமப் படையில் சேவித்து ஓய்வுபெற்ற வீரர்கள் குடியேற்றப்பட்ட ஊர் என்றபடியால் அவர்களுக்கு அது நன்கு விளங்கியிருக்கும். நமக்கும் விளங்காமற் போகாது. வெளியே ஆபத்து இருக்கிறபடியால்தான் காவல் போடப்படுகிறது.

இதை வாழ்ந்து பார்த்தவர்களின் சரித்திரம் நமக்கு உண்டு. புனித பிரான்சிஸ் சலேசியார் பரிஸ் நகரிலே படித்துக்கொண்டிருந்த காலம், 1586ஆம் ஆண்டு. வயது 19. தாம் நித்தியமாகத் தள்ளப்பட்டவர் என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. ஊணும் உறக்கமும் குறைந்தன, உடம்பு மெலிந்தது. பல கிழமைகள் அந்த வேதனை நீடித்தது. இறுதியில் ஒரு கோவிலில் தேவமாதாவின் சுரூபத்துக்கு முன் முழந்தாட்படியிட்டு, மறுமையில் என் கதி எதுவானாலும் இம்மையிலாவது உம்மை நேசிக்க விடும் என்று கடவுளிடம் தம்மை ஒப்புக்கொடுத்தபோது அந்தப் பாரம் விலகியது. அவர் கேட்டது என்னவென்று பாருங்கள். பயத்துக்கு விடை கேட்கவில்லை, மோட்ச உறுதி கேட்கவில்லை. இன்றைக்கு நேசிக்க இடம் கேட்டார். பிற்காலத்தில் அவர் 1609இல் வெளியிட்ட பக்தி வாழ்வு பற்றிய நூலில் மனக்கலக்கத்துக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். வலையில் அகப்பட்ட பறவை பதறிச் சிறகடித்து மேலும் மேலும் சிக்கிக்கொள்வதை அங்கே உதாரணமாகக் காட்டுகிறார். அனுபவித்தவர் எழுதியது.

புனித இஞ்ஞாசியாரின் கதை வேறுவிதம். 1522இல் மன்ரேசாவிலே, பழைய பாவங்களைச் சரியாகச் சொல்லவில்லையோ என்ற சந்தேகம் அவரை வாட்டியது. திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தார், சந்தேகம் தீரவில்லை. தவத்தைக் கூட்டினார், ஒரு கிழமை முழுவதும் உண்ணாமல் இருந்தார், தீரவில்லை. உயிரை மாய்த்துக்கொள்ளும் சோதனை வரைக்கும் போனார். உபவாசத்தை நிறுத்தும்படி ஆன்ம குரு கட்டளையிட்டார். கடைசியில், பழைய பாவங்களை இனிச் சொல்வதில்லை என்று அவர் தீர்மானித்தபோதுதான் விடுதலை கிடைத்தது. இது பக்தியுள்ள நமது குடும்பங்கள் கவனிக்க வேண்டிய பாடம். மனக்கலக்கத்துக்கு எப்போதும் இன்னும் கொஞ்சம் பக்தி முயற்சி என்பதே மருந்தாகாது. சிலருக்கு அது நெருப்பில் நெய் ஊற்றியதாகவும் முடியும்.

பக்தியே பயத்தை உண்டாக்கும் வேளைகளும் உண்டு. முந்திய காலத்தில் கையால் எழுதிய கடிதங்கள் வரும்: இந்தச் செபத்தை இத்தனை பேருக்கு எழுதி அனுப்பு, அனுப்பாவிட்டால் தீங்கு நேரிடும் என்று. இன்று அதே கடிதம் வட்ஸ்அப்பில் வருகிறது. படித்தவர்களும் பயந்து அனுப்புகிறார்கள். புனிதர்கள் எவரையும் மிரட்டுவதில்லை, அழித்துவிடுங்கள். நேர்த்திக்கடன் விஷயமும் இப்படித்தான். பிள்ளைக்குச் சுகமானால் மடுத்திருப்பதிக்கு நடந்து வருகிறேன் என்று ஒரு தாய் நேர்ந்திருப்பார். பிறகு முழங்கால் நோவினால் முடியாமற் போகும். வீட்டில் எது நடந்தாலும் அந்த நேர்த்தியால்தானோ என்று ஆண்டுக்கணக்காகப் பயந்து வாழ்வார். திருச்சபைச் சட்டத்தின்படி, நியாயமான காரணம் இருந்தால், பிறருடைய உரிமைக்குக் குந்தகமில்லாதபோது, இத்தகைய தனிப்பட்ட நேர்த்தியிலிருந்து விடுவிக்கப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் உண்டு. அதற்கு ஈடான அல்லது மேலான வேறொரு நற்செயலாக, நேர்ந்தவரே மாற்றிக்கொள்ளவும் முடியும். ஐந்து நிமிடம் சுவாமியாருடன் பேசினால் தீரக்கூடிய பயத்தைச் சுமந்துகொண்டு கல்லறைக்குப் போக வேண்டியதில்லை.

உடம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் கத்தோலிக்க விசுவாசம் உடம்பை ஒதுக்கி வைக்கும் விசுவாசமன்று. எலியாஸ் தீர்க்கதரிசி யெசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடிப்போய், ஒரு செடியின் கீழே படுத்து, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டார். தேவதூதன் வந்து அவரைக் கண்டிக்கவில்லை, பிரசங்கம் செய்யவுமில்லை. எழும்பிச் சாப்பிடு என்றான். சுட்ட அப்பமும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டு மறுபடியும் படுத்தார். இரண்டாம் முறையும் அப்படியே. அதற்குப் பிறகுதான் ஓரேப் மலைக்குப் பயணமும், கடவுளுடன் பேச்சும். அக்குவினாஸும் மனத்துயரை ஆற்றும் வழிகளை எண்ணும்போது அழுகை, நண்பரின் பரிவு, உண்மையைத் தியானித்தல் என்பவற்றோடு, நித்திரையையும் குளிப்பையும் சேர்த்திருக்கிறார். வேதபாரகர் ஒருவர் குளிப்பைச் சிபாரிசு செய்கிறாரா என்று சிரிக்கலாம். உடம்பு ஆறினால் மனமும் ஆறும் என்பதை அவர் அன்றே ஏற்றுக்கொண்டார். "அழாதேங்கோ" என்று சொல்லி அழுகையை அடக்குவதில் விரைவாக இருக்கிற நமக்கு, அழுகையும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதும் ஒரு செய்தி.

செபமாலையைப் பற்றி 2001ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை ஒன்றில் ஓர் ஆய்வு வெளியானது. 23 பேரைக் கொண்டு, லத்தீனில் அருள்நிறை மந்திரத்தை மாறி மாறிச் சொல்லும்போது மூச்சும் இருதயமும் எப்படி இயங்குகின்றன என்று பார்த்தார்கள். மூச்சு நிமிடத்துக்கு ஆறு அளவுக்குத் தணிந்து, இருதயத்தின் ஓட்டமும் அதற்கேற்ப ஒழுங்குபட்டது. ஒருவர் பாதி சொல்ல மற்றவர்கள் மீதியைச் சொல்லும் நம் வீட்டுச் செபமாலையில் பதற்றம் தணிவதற்கு இப்படியும் ஒரு காரணம் உண்டு. இதைக் கேட்டு மகிழலாம், ஆனால் ஒரு கை அதிகமாகத் தட்ட வேண்டாம். அதே ஆய்வில் யோகப் பயிற்சிக்காரரின் மந்திரமும் அதே பலனைத் தந்தது. மூச்சுச் சீராவதற்காக நாம் செபமாலை சொல்வதில்லை. கிறிஸ்துவின் வாழ்வை அவருடைய தாயோடு இருந்து பார்ப்பதற்காகச் சொல்கிறோம். அந்த வேளையில் உடம்புக்கும் ஆறுதல் கிடைக்குமானால் அதைத் தந்தவரும் அவரே.

சிலருக்கு இவையெல்லாம் போதாமற் போகும். மாதக்கணக்காக நித்திரையில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாவைப் பற்றியே எண்ணம் என்றால் அது வைத்தியரிடம் போக வேண்டிய நோய். இதைச் சொல்ல நம் சமூகத்தில் இன்னும் கூச்சம் இருக்கிறது. நெஞ்சு நோ, தலைச்சுற்று, கைகால் விறைப்பு என்று உடம்பின் நோயாகச் சொல்லி வைத்தியர் வைத்தியராக அலைவார்கள். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் உளமருத்துவப் பணியாற்றிய பேராசிரியர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளியான தமது நூலில் போர் நம் மக்களின் உள்ளத்தில் இட்ட வடுக்களை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். மனத்தின் நோவு உடம்பின் நோவாக வெளிவருவது நம்மிடையே எவ்வளவு வழமை என்பது அந்தத் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். வீட்டில் கலியாணம் பேச இருக்கும் பெண்பிள்ளை உண்டென்பதற்காக நோயை மறைப்பார்கள். யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று அலைவதற்குப் பணம் இருக்கும், உளமருத்துவரிடம் போக மனம் இராது.

சீராக் ஆகமத்தின் 38ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்துப் பாருங்கள். வைத்தியரைக் கனம்பண்ணும்படியும், மருந்தை நிலத்திலிருந்து உண்டாக்கியவர் ஆண்டவரே என்றும், நோய் வந்தால் செபித்துவிட்டு வைத்தியருக்கும் இடம் கொடுக்கும்படியும் அங்கே எழுதப்பட்டிருக்கிறது. செபமா மருந்தா என்ற போட்டி அந்த ஆகமத்தில் இல்லை. நீரிழிவுக்குக் குளிசை போடும்போது விசுவாசம் குறைந்துவிட்டதென்று நாம் எண்ணுவதில்லையே.

புனித குழந்தை தெரேசம்மாளின் தகப்பனார் லூயி மார்த்தேனை இங்கே நினைவுகூர வேண்டும். முதுமையில் அவருடைய மூளை பாதிக்கப்பட்டு மனம் குழம்பியது. 1889இல் கான் நகரிலுள்ள மனநோயாளர் இல்லத்தில் சேர்க்கப்பட்டு மூன்று ஆண்டுகளுக்கு மேல் அங்கே இருந்தார். மகள்மார் ஒருவர் பின் ஒருவராகக் கன்னியர் மடத்துக்குப் போனபடியால்தான் தகப்பனுக்கு இப்படி நேர்ந்ததென்று ஊர் பேசியது. ஊர் எங்கும் ஒன்றுதான். அந்த லூயி மார்த்தேனை, அவருடைய மனைவி செலியுடன் சேர்த்து, 2015 ஒக்டோபர் 18ஆம் திகதி திருச்சபை புனிதராக உயர்த்தியது. மனநோயாளர் இல்லத்தில் இருந்த ஒருவரைப் பீடத்தில் வைத்து வணங்குகிற நாம், நம் வீட்டில் அப்படி ஒருவர் இருப்பதை ஏன் ஒளிக்க வேண்டும்?

தற்கொலை செய்தவர்களைப் பற்றிய திருச்சபையின் பேச்சும் மாறியிருக்கிறது. வேண்டுமென்றே உயிரை மாய்த்துக்கொண்டவர்களுக்கு 1917ஆம் ஆண்டுச் சட்டம் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த வரி இல்லை. 1992இல் வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி, கடுமையான மனநோயும் வேதனையும் பயமும் அத்தகையவரின் பொறுப்பைக் குறைக்கும் என்றும், அவர்களுடைய மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக்கூடாது என்றும் போதிக்கிறது. அப்படி ஒருவரை இழந்த குடும்பங்களின் காதில் இது விழ வேண்டும். உயிரோடிருப்பவர்களின் காதில் விழ வேண்டியது 1926 என்ற இலக்கம். நாட்டின் எந்தப் பகுதியிலிருந்தும் தொலைபேசியில் அழைக்கக்கூடிய தேசிய மனநல உதவிச் சேவையின் இலக்கம் அது. குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை கவலைப்படுகிறவரைப் பற்றியே பேசினோம். கவலைப்படாதே என்று சொல்கிறவரைப் பற்றியும் வேதாகமம் ஒரு வார்த்தை சொல்கிறது. உடுக்கத் துணியும் அன்றாட உணவும் இல்லாத ஒருவரைப் பார்த்து, தேவையானது ஒன்றையும் கொடாமல், சமாதானமாய்ப் போங்கள், குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று சொல்வதால் என்ன பயன் என்று யாகப்பர் தமது நிருபத்தில் கேட்கிறார். நம் "யோசியாதேங்கோ"வுக்கும் இது பொருந்தும். 2022ஆம் ஆண்டில் நாட்டில் எரிவாயுவும் எண்ணெயும் மருந்தும் இல்லாமற்போய் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றபோது, பக்கத்து வீட்டுக்காரரின் ரின்னையும் தங்கள் ரின்னோடு சேர்த்து வரிசையில் வைத்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் கவலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, அதில் பாதியைக் குறைத்தார்கள். நுண்கடன் தவணை கட்ட வழியில்லாமல், கடன்காரன் வரும் நாளில் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் பெண்ணுடைய பயத்துக்கு முதல் மருந்து அந்தக் கடன் கணக்கைக் கூட இருந்து பார்த்துக் கொடுப்பது. பிறகு செபிக்கலாம். தலையிடியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். பிறருக்கு வந்ததையும் தெரிந்துகொள்ளத்தான் கிறிஸ்துவின் சரீரத்தில் நாம் அவயவங்களாக இருக்கிறோம். அவயவங்கள் ஒன்றைப் பற்றி ஒன்று அக்கறைப்பட வேண்டும் என்று கொரிந்தியருக்குச் சின்னப்பர் எழுதும் இடத்திலும் அதே 'மெரிம்னா' என்ற சொல்லின் வினையே வருகிறது.

எந்த உதவியாலும் தீர்த்துவைக்க முடியாத கவலை ஒன்றும் நம்மிடையே உண்டு. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரைப் பற்றிச் சொல்கிறேன். 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. அவர்களுக்கு அது முடியவில்லை. 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் அவர்கள் வீதியோரத்தில் அமர்ந்தார்கள். பிள்ளையின் முகம் தெரியும் படத்தை மடியில் வைத்தபடி, விடை அறியாமலே இறந்துபோன பெற்றோரும் அவர்களில் உண்டு. இப்படிப்பட்ட ஒரு தாயிடம் கவலைப்படாதே என்று சொல்ல எவருக்கும் அருகதையில்லை. விசுவாசத்தின் பேரால் சொல்ல இன்னும் அருகதையில்லை.

அந்தத் தாய்மாருக்கு நான் காட்டக்கூடியது ஓரிடம்தான். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைக் காணாமல் எருசலேம் வீதிகளில் மூன்று நாள் தேடிய ஒரு தாய் இருந்தாள். தேவாலயத்தில் அவரைக் கண்டபோது, நீ ஏன் இப்படிச் செய்தாய், நானும் உன் தகப்பனும் எவ்வளவு வேதனையோடு தேடினோம் என்று கேட்டாள். சென்மப்பாவ மாசில்லாமல் உற்பவித்தவள், வாழ்நாள் முழுதும் பாவமறியாதவள் என்று நாம் விசுவசிக்கிற மரியன்னையின் வாயிலிருந்து வந்த வார்த்தை அது. கவலைப்படுவது பாவமா என்ற கேள்விக்கு இதைவிட நேரான விடையை நான் அறியேன். மகன் கொடுத்த மறுமொழி அவர்களுக்கு விளங்கவில்லை என்று லூக்காஸ் மறைக்காமல் எழுதுகிறார். விளங்காததைத் தாய் மனத்தில் வைத்துக்கொண்டாள்.

மரியன்னைக்கு மூன்றாம் நாளில் பிள்ளை கிடைத்தது, எங்களுக்குக் கிடைக்கவில்லையே என்று அந்தத் தாய்மார் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு மறுமொழி சொல்லிச் சமாளிக்க நான் முயலப்போவதில்லை. ஒரு சிறு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். ஒரு தாய் மகனுக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப் பங்குமனைக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆன்ம இளைப்பாற்றிக்கா, சுகத்துக்கா என்று கருத்துப் புத்தகத்தை வைத்திருப்பவர் கேட்கிறார். தாய் என்ன சொல்வார்? இளைப்பாற்றிக்கு என்றால் தன் வாயாலேயே மகனைச் சாகக்கொடுத்ததுபோல் ஆகிவிடும். சுகத்துக்கு என்றால் கேட்டு நிற்பவர்கள் இரக்கத்தோடு பார்ப்பார்கள். நாட்டின் சட்டமே 2016இல் இதற்கு ஒரு வழியைக் கண்டது: மரணச் சான்றிதழுக்குப் பதிலாக, இன்னார் காணப்படவில்லை என்று மட்டும் சான்று கூறும் பத்திரம். திருச்சபைச் சட்டத்தின் 901ஆம் இலக்கம், உயிருள்ளவர், இறந்தவர் எவருக்காகவும் குருவானவர் திருப்பலி ஒப்புக்கொடுக்கலாம் என்கிறது. எந்தப் பக்கம் என்று தாய் தெரிவு செய்ய வேண்டிய கட்டாயமில்லை. புத்தகத்தில் மகனுடைய பெயரை மட்டும் எழுதிக்கொண்டு, பூசை எத்தனை மணிக்கு என்று அவருக்குச் சொல்லிவிடலாம்.